தடை முடிந்த முதல் சனி

"கூட்டத்த வேற கெழமைக்கு மாத்த முடியாதாண்ணே?" ராமேஸ்வரம் ஜெட்டியில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, காளீஸ்வரன் போனில் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"முப்பது பேரு வாராக. உனக்காக எப்படிய்யா மாத்துறது?" என்றார் வசந்தகுமார். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ராமநாதபுரத்தில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தை நடத்துபவர் அவர். "நாட்டுப்படகுக்கு மாறிக்கிரு. அவுக சனிக்கிழமை போகமாட்டாகல்ல?"

"அந்தத் தொழிலே வேறண்ணே. எனக்கு மெஷின்ல வலை இழுக்கத்தான் தெரியும்."

"அப்ப ஆறு மணிக்கு எனக்குப் போன் போடு. பேசலாம்."

"நடுக்கடல்ல டவர் ஏதுண்ணே?"

படகிலிருந்து கூப்பிட்டார்கள். காளீஸ்வரன் போனை வைத்தான்.

சிக்கல் இதுதான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் படகுகள் கட்டிக் கிடந்ததால், எட்டுச் சனிக்கிழமையும் தவறாமல் காளீஸ்வரனால் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற முடிந்தது. தடை முடிந்து இதுதான் முதல் சனி.

கூட்டத்தில் மருந்தோ ஊசியோ கிடையாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு சனி பேசிவிட்டு வந்தால் அடுத்த சனி வரை தாங்கியது. அதற்கு மேலும் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. முதுகுளத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட அவன் மனைவி கோகிலா, மகளோடு திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. "இன்னொரு தடவ வாடை அடிச்சா, அப்புறம் இந்தப் பக்கம் பஸ் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஜெட்டி முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. அவன் ஒருவன்தான் பயந்துகொண்டே படகில் ஏறினான்.

மாலை ஐந்து மணிக்கு வலையை இறக்கினார்கள். வலையை இழுத்துக்கொண்டு படகு மெதுவாகப் போகும் மூன்று மணி நேரமும் ஆட்களுக்கு வேலை இல்லை. கரையில் என்றால் கடையைத் தாண்டி வேகமாக நடந்துவிடலாம். படகில் எங்கே நடப்பது?

கூட வேலை செய்யும் வீரபத்திரன், ஐஸ் அறையின் மூடியைக் காலால் தட்டினான். "எறாவுக்குப் போட்ட ஐஸ்ல என் பாட்டிலும் குளுருது. வாலே."

"வேணாம்."

"கோயிலுக்கு மாலை போட்டிருக்கியா, இல்ல பொண்டாட்டிக்குப் போட்டிருக்கியா?"

"மெதுவாப் பேசு. டிரைவர் காதுல விழுந்துறப்போகுது."

படகை ஓட்டும் செல்லச்சாமிக்கு, ஒருவன் குடிப்பவன் என்று தெரிந்தால் போதும். கரை சேர்ந்ததும் இறக்கிவிட்டுவிடுவார். போன வருடம் அப்படி இரண்டு பேர் போனார்கள்.

வீரபத்திரன் முன்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டான். மூடி அங்கேயே இருந்தது, ஐந்தடி தூரத்தில். காளீஸ்வரன் கயிற்றைச் சுருட்டினான். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினான். ஒரே ஒரு வாய்தானே, விடிவதற்குள் வாடை போய்விடும் என்று மனசு சொல்லிக்கொடுத்தது. அப்படிச் சொல்லிக்கொடுக்கும் மனசைக் கண்டுதான் அவனுக்குப் பயமே. எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. மூடியின் வளையத்துக்குள் அவன் விரல் இருந்தது.

"ஏலே காளி. இங்கன வா."

செல்லச்சாமியின் குரல். காளீஸ்வரன் கையை உதறிக்கொண்டு கேபினுக்குள் போனான்.

"கதவச் சாத்திட்டு ஒக்காரு." அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐஸ் அறைகிட்ட என்னலே செஞ்ச?"

"கயிறு சுருட்டினேண்ணே."

"கயிறா? தடைக்காலம் பூரா, சனிக்கிழமையானா எங்கனலே போன?"

"ராமநாதபுரத்துக்கு. மச்சினன் வீட்டுக்கு."

"உன் மச்சினன் முதுகுளத்தூர்ல ஆடு வச்சிருக்கான். காலையில ஜெட்டியில நீ போன் பேசினப்ப, ஐஸ் பெட்டிக்கு அங்கிட்டு நாந்தான் நின்னேன்."

வேலை போய்விட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நான் குடிகாரந்தாண்ணே. ஆனா அம்பத்தாறு நாளாத் தொடல, சத்தியமா. ஆறு மணிக்கு நான் அங்கன இருக்கணும். இங்கன இருக்கேன். இன்னும் செத்த நேரம் போனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. பயமா இருக்கு. என்னய எறக்கி விட்டுறாதீகண்ணே."

செல்லச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக ஒரு நிமிடம் இருந்தது.

"கூட்டத்துக்கு ஹாலும் வேணாம், நாற்காலியும் வேணாம்லே. குடிய விடணும்னு நெனைக்கிற ரெண்டு பேரு ஒரு எடத்துல ஒக்காந்து பேசினா, அதுவே கூட்டம்."

"நடுக்கடல்ல ரெண்டாவது ஆளுக்கு எங்கண்ணே போறது?"

செல்லச்சாமி முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினார்.

"என் பேரு செல்லச்சாமி. நானும் குடிகாரந்தான், கடைசியாத் தொட்டுப் பதினோரு வருசமாச்சு. இனிமே சனிக்கிழமை ஆறு மணிக் கூட்டம் இந்தக் கேபின்லதான். நீ பேசு, நான் கேக்குறேன்."