கயிற்றுக்கு வெளியே ஒரு ஜாரா

“காராமணி தின்னிகளா, இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?”

கயிற்றுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு ஜாரா கத்தினான். வீட்டுக்குள் இருந்த நசிராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. இன்றைக்கும் வந்துவிட்டான், புண்ணியவான்.

“உன்னைப் புதைக்காம நாங்க எங்கே போறது? உன் பாட்டன் எங்க வீட்டு ஆடு மேய்ச்சவன். ரொட்டியை வெச்சிட்டு நகருடா” என்றாள்.

நசிரா வீட்டார் ட்ராவோரே குலம். ட்ராவோரே குலத்தாரும் ஜாரா குலத்தாரும் பார்த்துக்கொண்டால் இப்படித்தான். முப்பாட்டன் காலத்து முறை. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. ஜாரா மேல் கை ஓங்கிய ட்ராவோரேயை ஊரில் யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

நசிராவின் கணவன் பக்காரிக்கு ஓர் அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து காய்ச்சலோடு வந்தவள், இவர்கள் வீட்டிலேயே கண்ணை மூடினாள். வழக்கப்படி நசிராதான் உடலைக் குளிப்பாட்டினாள். எபோலா என்று பிறகுதான் தெரிந்தது. அழுது முடிப்பதற்குள் சுகாதாரத்துறை வண்டி வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக இறங்கியவர்கள் உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அவர்களில் ஒருவன், தினமும் வந்து எல்லோருக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றான். பக்காரி இருந்த கோபத்தில் கல்லை எடுத்து அவன்மேல் வீசிவிட்டான். அதற்குப் பிறகு வெள்ளை உடுப்பு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

மற்றவர்களும்தான் தலைகாட்டவில்லை. பக்கத்து வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சந்தையில் நசிரா போட்டிருந்த கருவாட்டுக் கடையை நாய்கள் பங்கு போட்டிருக்கும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரே கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட நாலு பேரும் இப்போது ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் மொதிபோ மடியில் படுக்க வந்தால் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றவளுக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் ஜாரா வந்து சேர்ந்தான். தெருக்கோடிக்குப் புதிதாகக் குடிவந்த ரொட்டிக்காரனாம், அவனே சொன்னது. நான் ஜாரா, ஏசுவதற்கு ஒரு ட்ராவோரே கிடைக்காமல் நாக்கு துருப்பிடித்துப் போச்சு என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டான். துக்கத்தில் இருந்த பக்காரியே சிரித்துவிட்டான். தினமும் ரொட்டியையும் தண்ணீர்க் கேனையும் கயிற்றோரம் வைப்பான். ஆனால் நாலு பேரும் முறை வைத்து அவனை ஏசினால்தான் நகருவான். யாராவது விட்டுப்போனால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வான். அப்படி ஒரு திட்டு ஆசை.

அன்றும் பக்காரி ஏசினான், மொதிபோ ஏசினான். கடைசியாகப் பெரியவள் அசிதான் படுத்தபடியே, “ஓட்டைச் சட்டி ஜாரா” என்றாள்.

“என்ன பிள்ளை, உப்பில்லாம ஏசற? இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். குரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

வழக்கமாக இன்னும் ரெண்டு கேலி பேசிவிட்டுப் போகிறவன், அன்று ஒன்றும் பேசாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் சுகாதாரத்துறை வண்டி வந்து நின்றது. வெறும் அசதிதான் என்று நசிரா கெஞ்சிப் பார்த்தாள். பக்காரி வாசலை மறித்தான். எதுவும் எடுபடவில்லை. அக்காவைக் கொண்டுபோன அதே வண்டியில் மகளும் போனாள். காட்டிக்கொடுத்தவன் நாசமாகப் போக என்று பக்காரி தெருவைப் பார்த்துச் சபித்தான். நசிரா மகளின் பாயைச் சுருட்டவில்லை. வருவாள் என்ற நம்பிக்கையும் அவளுக்கு இல்லை.

ஆனால் அசிதான் வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் தன் காலால் நடந்தே வந்தாள். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். மற்ற மூவரையும் நோய் தொடவே இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

அன்று நசிரா சோறும் வேர்க்கடலைக் குழம்பும் ஆக்கி, பெரிய கிண்ணத்தில் கொட்டி, ஜாராவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரே கிண்ணத்தில் ஐந்து கைகள் இறங்கியதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவனுக்கு மனசாரக் கோடி நன்றி சொன்னாள்.

பக்காரி சோற்றை ஜாரா பக்கம் தள்ளிவிட்டான்.

“அன்னிக்கு வண்டிக்குச் சொன்னவனை வெட்டணும்னு இருந்தேன், ஜாரா. இப்ப அவன் கால்ல விழணும்போல இருக்கு. எம் பொண்ணைத் திருப்பிக் கொடுத்த மகராசன். யாருன்னுதான் தெரியல.”

“கால் பக்கம் மட்டும் வந்துடாதே” என்றான் ஜாரா, சோற்றைப் பிசைந்தபடி. “கயிறு கட்டின அன்னிக்கு நீ விட்ட கல்லு, முழங்கால்ல இன்னும் வலிக்குது.”

பக்காரியின் கை வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. நசிரா ஜாராவையே பார்த்தாள்.

“வெள்ளை உடுப்போட வந்தா கல்லெறியறே. உங்க நாலு பேர் குரலையும் தினம் நான் கேட்டாகணும். ஜாரான்னு சொன்னா நீ அடிக்க மாட்டேன்னு தோணுச்சு, சொன்னேன்” என்றான் அவன். பிறகு வெட்கத்தோடு சிரித்தான். “இத்தனை நாளா நீங்க ஏசினது அத்தனையும் நம்ம பாட்டனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு, அண்ணே. நானும் ட்ராவோரேதான்.”