காதால் கற்ற மருமகள்

“புத்தகம் கிடையாது, டீச்சர் கிடையாது சார். வீட்டுல பேசறதைக் கேட்டுக் கேட்டே நம்ம பாஷையைக் கத்துக்கிட்டா!” என்று விருந்துக்கு வந்திருந்த மேனேஜரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான் மகன். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் வேறு தேசத்துப் பெண்.

“வெயில்ல வந்திருக்கீங்க. ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்கட்டுமா?” என்றாள் அவள்.

மேனேஜர் அசந்துபோனார். “அடேயப்பா! எங்க வீட்டுப் பொண்ணு பேசற மாதிரியே இருக்கே!”

பிரமோஷன் பாதி கைக்கு வந்துவிட்டது என்று மகன் தன் தாயைப் பார்த்துக் கண்ணடித்தான்.

தாய் குரலில் தேன் ஒழுக, “சாப்பாடு ரெடி. மாமாவைக் கூப்பிடும்மா” என்றாள்.

மருமகள் பின்னறை வாசலுக்குப் போனாள். பணிவாகக் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

“ஏ கிழமே, வந்து கொட்டிக்கிட்டுத் தொலை.”

மேனேஜருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

“எவ சொல்லிக்கொடுத்தா இதை?” என்று மகன் பாய்ந்தான்.

அவள் மிரண்டுபோனாள். “தப்பா? நீங்களும் அத்தையும் தினம் இப்படித்தானே கூப்பிடறீங்க?”

பெரியவர் மெதுவாக வெளியே வந்தார்.

“ஒரு எழுத்துகூடத் தப்பில்லம்மா. என்ன, நம்ம வீட்டுல இதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லமாட்டாங்க.”