ஐந்து நட்சத்திர ஹீட்டர்

கோத்தகிரி வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் வாங்கப் போன நாச்சிமுத்துவிடம், கடைக்காரர் குளத்தின் நீள அகலத்தைக் கேட்கவில்லை. “வீட்ல எத்தனை பேருங்க?” என்றுதான் கேட்டார். மின்சாரமே தேவைப்படாத ஐந்து நட்சத்திர ஹீட்டர் அது. வீட்டில் இருப்பவர்களின் உடம்புச் சூட்டை உறிஞ்சிக் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும்.

அன்றிலிருந்து வந்த விருந்தாளி யாரையும் நாச்சிமுத்து லேசில் விடவில்லை. இளைய மகளைப் பெண் பார்க்க வந்த பதினோரு பேரைக்கூட மூன்று நாள் தங்கவைத்தார். அப்படியும் தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டியது.

மார்கழியில் அவருக்கே காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று டிகிரி. இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவரின் காதில், பேரப்பிள்ளைகள் குளத்தில் தொப்பென்று குதித்துக் கும்மாளமிடும் சத்தம் விழுந்தது. அந்தக் குளத்திலிருந்து அப்படியொரு சத்தம் கேட்பது அதுதான் முதல்முறை.

“தெய்வானை, காய்ச்சல் மாத்திரையை எடு” என்று முனகினார்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. புள்ளைங்க இப்பத்தான் எறங்கியிருக்குது” என்றாள் மனைவி.

அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

“எல்லாரும் சீக்கிரம் வந்து எறங்குங்க! டாக்டர் வந்துட்டிருக்காரு!”