கேசட்டின் கடைசியில்

ஞானமுத்து அண்ணன் தன் ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேசட்டில் பதிந்து, அட்டுவம்பட்டியிலிருந்து பெருமாள்மலையில் இருக்கும் எனக்கு, மேலே 'உபகாரம்' என்று என் பெயரை எழுதி, பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். பிளேயர் முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவதால் வீட்டுச் சத்தமும் சேர்ந்து வரும். "என்னங்க, காபி ஆறுது" என்று கித்தேரியம்மாள் மதினி கூப்பிடாத கேசட்டே கிடையாது. பாட்டு முடிந்ததும் அண்ணன் வீட்டுச் சேதி சொல்வார்.

எண்பத்திமூன்று மழைக்காலத்தில் மதினி தவறிவிட்டார். குழியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு கேசட் வந்தது. ஏதோ பழைய கச்சேரியை இப்போது புதுத் தட்டாகப் போட்டிருக்கிறார்களாம். நல்ல டிரம்பெட். கடைசியில் அண்ணன் குரல்: "வீடு சத்தமில்லாமக் கெடக்கு, உபகாரம்."

அதற்குப் பின்னால், சமையலறைப் பக்கமிருந்து: "என்னங்க, காபி ஆறுது."

மறுநாள் வெள்ளனே கேசட்டோடு போனேன்.

"பழைய கேசட்டு மேல பதிஞ்சிட்டீங்களாண்ணே?"

"புதுசுப்பா. நான்தான் உறையைப் பிரிச்சேன்."

இருவரும் கேட்டோம். அண்ணன் இன்னொரு புதுக் கேசட்டைப் போட்டு, பாட்டு வைக்காமலேயே பதிவுப் பட்டனை அழுத்தினார்.

"கித்தேரி, உபகாரம் வந்திருக்கான். அவனுக்கும் ஒரு காபி போடு" என்றார், சமையலறைப் பக்கம் திரும்பாமல்.

அந்தக் கேசட்டை நாங்கள் இன்னும் போட்டுக் கேட்கவில்லை.