பதினேழாம் கிரகத்துத் தெரு

“படத்துல சாதி, கட்சி, கருத்துன்னு ஏதாச்சும் வருதா தங்கச்சி? வந்தா இப்பவே சொல்லிப்புடுங்க. பாதியில மூட்டையக் கட்டச் சொன்னா அப்புறம் வருத்தப்படுவீக.”

ஊர்த்தலைவர் வீரபாண்டியன் இப்படிக் கேட்டதும் ரோகிணி ஓரமாக நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தாள். டைரக்டர் கதிரவனிடம் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. காரைக்குடியில் தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள் நிற்க, மனுஷன் அரை மணி நேரம் தள்ளியிருக்கும் இந்த ஊரின் இந்த ஒரே தெருவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இது கிடைக்காவிட்டால் ஷூட்டிங்கே வேண்டாமாம். அவ்வளவு பிடிவாதம் பிடித்தவர் அனுமதி கேட்க வர வேண்டாமா? அவளை அனுப்பிவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, அதெல்லாம் இல்ல சார். இது சயின்ஸ் ஃபிக்‌ஷன் வெப் சீரிஸ். பதினேழாம் கிரகம்னு ஒண்ணு. அங்க வெள்ளி நிறத்துல கொஞ்சம் பேர், பச்சை நிறத்துல கொஞ்சம் பேர். வெள்ளிக்காரங்க தெருவுல பச்சைக்காரங்க செருப்பு போட்டு நடக்கக் கூடாது. ஒரு நாள் ஒரு பச்சையம்மா போட்டுக்கிட்டே நடந்துடறாங்க. அவ்வளவுதான் சீன்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தலைவர் மீசையைத் தடவினார். “வேற கிரகந்தானே?”

“ஆமா சார்.”

“பூமிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே?”

“இல்லவே இல்ல சார். ரொம்ப தூரம்.”

“அப்பச் சரி. தாராளமா எடுங்க.”

அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி வெறுங்காலோடு தெருவைக் கடந்தார்.

“நாங்களும் கழட்டணுமா சார்?” என்றாள் ரோகிணி.

“அதுவா? தெருவுல அம்மன் கோயில் இருக்குல்ல. கண்மாய்க்கரை ஆளுக மரியாதைக்கு அவுகளாவே கழட்டிருவாக. யாரும் சொல்றதில்ல. நீங்க வெளியூர்க்காரவுக, சும்மா போட்டுக்கிட்டு நடங்க.”

சொல்லிவிட்டு, தன் தோல் செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட, அம்மன் கோயிலைத் தாண்டி வீட்டுக்குப் போனார் தலைவர்.

ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனுக்கு ஓடினாள். “சார், இந்தக் கொடுமை இந்த ஊர்லயே நடக்குது! எதுக்கு இல்லாத கிரகம்? நேரடியாவே எடுக்கலாமே?”

“இந்த ஊருன்னு சொன்னா கல்ல எடுப்பாங்க. வேற கிரகம்னு சொன்னா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாங்க,” என்றார் கதிரவன்.

அவர் சொன்ன மாதிரியே நாலு மணிக்கு மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் தலைவர். காரைக்குடியிலிருந்து இன்னொரு வேன் வந்து நின்றது. லாட்ஜிலேயே மேக்கப்பை முடித்துத்தான் ஆட்களை ஏற்ற வேண்டும், ஒருத்தர் முகமும் தெரியக் கூடாது என்பது டைரக்டர் உத்தரவு. இருபது பச்சைக்காரர்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த அம்மா. காலில் பளபளவென்று புதுச் செருப்பு.

“ஆக்‌ஷன்!”

தெரு முனைவரை நன்றாகத்தான் வந்தார் அந்த அம்மா. அங்கே வந்ததும் நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

“கட்! இன்னொரு டேக்.”

மறுபடியும் அதே இடம், அதே குனிதல். நாலாவது டேக்கிலும் அப்படியே. அஞ்சாவதில் ஒரு செருப்பு கைக்கே வந்துவிட்டது.

“சார், வெளிச்சம் போகுது. இவங்களுக்கு நடிக்கவே வரல. வேற ஆள நடக்க விடலாம்,” என்று கெஞ்சினாள் ரோகிணி.

“இவங்கதான் நடக்கணும்.” கதிரவன் குரல் கம்மியிருந்தது.

ஆறாவது டேக். அந்த அம்மா தெரு முனையில் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மன் கோயிலைத் தாண்டும்போது குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. கடைசி வீடுவரைக்கும் அப்படியே நடந்தார்.

“அடப் பாவமே! மனுஷரைச் செருப்புப் போட விடாத கிரகமெல்லாம் ஒரு கிரகமா?” என்று துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார் தலைவர். சிரிப்பதா, எதையாவது எடுத்து எறிவதா என்று ரோகிணிக்குத் தெரியவில்லை.

“டைரக்டருக்குன்னு வாங்கின சால்வை தங்கச்சி இது. ஆனா இந்த அம்மாவுக்குத்தான் போடணும்.”

தலைவர் எழுந்து நடக்கவும் கதிரவன் பதறிப்போய் ஓடி வந்தார். “வேண்டாம் சார், நேரமாச்சு, அவங்க கிளம்பணும்!”

அதற்குள் சால்வை அந்த அம்மாவின் தோளில் விழுந்துவிட்டது. தலைவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“நடையா தாயி அது! பெரிய நடிகை நீங்க. சென்னையிலருந்தா வாரீக?”

அந்த அம்மா ஒரு தரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு சால்வை நுனியால் முகத்துப் பச்சையை அழுந்தத் துடைத்தார்.

“இந்த ஊருதாங்க. கண்மாய்க்கரை கருப்பி. எட்டு வயசுல மறதியாச் செருப்போட வந்துட்டான்னு, அதைத் தலையில தூக்க வச்சு இதே தெருவுல நடக்கவிட்டீகளே எம் மகனை, அந்தா நிக்கிற டைரக்டரு அவன்தான்.”