வாரா வாரம் மழை

குதுஸ் ஊரின் கிராம்புச் சிகரெட் கொட்டகையில் தகரக் கூரை வெயிலில் காய்கிறது. சிகரெட் உருட்டும் பெண்களுக்குச் சுலஸ்திரி செல்போனில் வந்த தொடர்கதையை உரக்க வாசிக்கிறாள்: “மழை வலுக்கிறது. அவள் வாசலையே பார்த்து நிற்கிறாள்.” முர்னி அக்கா தலையைத் தூக்காமலே, “இந்த வாரமும் மழையா? அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் ஒரு குடை வாங்கிக் குடுங்கடி. சளி புடிச்சே செத்துருவா. நீ ரேடியோவப் போடு,” என்கிறாள். கொட்டகையே சிரிக்கிறது. பேர் சொல்லாமல் அந்தக் கதையை எழுதும் ரத்மியும் மடியில் சிந்திய புகையிலையைப் பார்த்தபடி சிரித்துவைக்கிறாள். முதல் தடவை கதையில் இதே மழை வந்தபோது இத்தனை கைகளும் உருட்டுவதை நிறுத்தின. முர்னி அக்கா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். அதை மறுபடி பார்க்கும் ஆசையில்தான் ரத்மி வாரா வாரம் மழையையே பெய்யவைத்தாள். ரேடியோ பாடத் தொடங்குகிறது. ஒரு கையும் நிற்கவில்லை, அவளுடையதைத் தவிர.