வாயாடியின் கூண்டு

"கூண்டை எடுக்க விடமாட்டேன்னா விடமாட்டேன்!"

சமையலறை வாசலில் குறுக்கே கை நீட்டி நின்றாள் மனைவி. கணவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பறவை டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா? நான்-ஸ்டிக் தவா காஞ்சு கிளம்பற புகை இதுக்கு எமனாம். இன்னைக்குப் பிழைச்சதே பெரிசு!"

காலையில் காலித் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு, போனில் அரட்டையடிக்கப் போனவன் அவன்தான். ஆம்லெட் ஆசை. திரும்பி வருவதற்குள் கூண்டுக்குள் வாயாடி மயங்கிக் கிடந்தது. உள்ளங்கை அளவு பச்சைக் குருவி. அந்த வீட்டில் அதிகம் சத்தம் போடுவது அதுதான், மாமியாருக்கு அடுத்தபடியாக.

"தவாவை மாத்துங்க, ரிப்பேரான புகை விசிறியைச் சரி பண்ணுங்கன்னும்தானே டாக்டர் சொன்னார்?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். கூண்டை என் ரூம்ல மாட்டிட்டா வேலை முடிஞ்சுது."

"அது பக்கத்துல இல்லேன்னா எனக்கு அடுப்படியில கை ஓடாது."

மாமியார் ஹாலிலிருந்தே குரல் கொடுத்தார். "நல்லா இருக்கே நியாயம்! உன் பொழுதுபோக்குக்கு ஒரு வாயில்லா ஜீவன் புகையில கிடந்து சாகணுமா? இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதும்மா!"

வாயாடியைப் போய் வாயில்லா ஜீவன் என்றதற்கு, வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

அவள் லேசாக இருமினாள். வாசலை விட்டு மட்டும் நகரவில்லை.

"இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா" என்று சாவியை எடுத்துக்கொண்டு விருட்டென்று கிளம்பினான் கணவன்.

சாயங்காலத்துக்குள் புது இரும்புத் தவா வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து, பிசுக்கேறிய விசிறியைக் கழற்றித் துடைத்து ஓடவிட்டார். பெயின்ட் ஒட்டித் திறக்காமலே கிடந்த ஜன்னலை, மாமியாரே பக்கத்தில் நின்று தட்டித் திறக்க வைத்தார்.

"குழந்தைக்கு நல்லா காத்து வரட்டும்."

குழந்தை என்றது வாயாடியை. அது இறக்கையை உதறிக்கொண்டு பழையபடி கத்த ஆரம்பித்தது.

"இப்ப திருப்தியா?" என்றான் கணவன். "இதெல்லாம் முடியறதுக்குள்ள அதுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருக்காது. டாக்டர்கிட்டேயிருந்து வந்ததுமே பழைய தவாவைத் தூக்கிப் போட்டுட்டேன். மத்தியானச் சமையல் மொத்தமும் குக்கர்லதான்."

எட்டிப் பார்த்தான். குப்பைக் கூடையிலிருந்து தவாவின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் என்ன ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? கூண்டை அப்பவே கொடுத்துத் தொலைச்சிருக்கலாமே!"

அவள் வாயாடிக்குத் தினையை அள்ளிப் போட்டாள். குரலில் கோபம் இல்லை.

"புகை தாங்கலைங்க, நெஞ்சு எரியுதுன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். கூண்டைக் கொடுத்திருந்தா உள்ளே நான் மட்டும்தானே இருந்திருப்பேன்? எனக்காக யாரு ஜன்னலைத் திறந்திருப்பா?"